அரும்பாவூர் ஃபோல்டர்

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அரியலூரில் அதற்கு ஒரு கிளை உண்டு. அதுவும் என் தலையில்தான். எடுக்கிற படங்கள் எல்லாம் வந்து சேரும் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று முதலாளி டாக்டரிடம் நான் சொல்ல ஆரம்பித்தது பொங்கலுக்கு. அவர் காதில் ஏறியது ஆடியில். அதுவரை ஒரே பதில்தான். "வேண்டாததை அழிப்பா, எடம் வந்துடும்." எது வேண்டாதது என்று கேட்டால், "அது ஒனக்குத்தானே தெரியும்" என்பார். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?

அழிக்கலாம் என்று உள்ளே போனால் வயிற்றெரிச்சல்தான். எக்ஸ்ரே எடுப்பவருடைய மச்சினன் கல்யாண வீடியோ முழுசாக அங்கே குடியிருந்தது. கேட்டதற்கு, "வூட்ல வெச்சா யாராவது அழிச்சிடுறாங்க சார், இங்கன்னா பத்திரமா இருக்கும்" என்றார்.

அதைவிட என்னைப் படுத்தியது வரவேற்பில் இருக்கும் அக்காவின் ஒழுங்கு. மெஷின் கொடுக்கிற எண்ணை அவர் மதிப்பதே இல்லை. ஒவ்வொரு ஸ்கேனையும் பாடாலூர், ஆலத்தியூர், அரும்பாவூர் என்று ஊர் ஊராகப் பிரித்து வைப்பார். ஊருக்குள் ஆளுக்கொரு ஃபோல்டர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தனியா வந்தாங்க', 'தம்பி கண்டக்டர்', 'ஊசின்னா பயம்'.

"இது சர்வராக்கா, உங்க டைரியா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

"மெஷின்ல ஊர் போட எடமே இல்ல தம்பி. வயசை யாரு சரியா சொல்றாங்க? ஊரைத்தான் சரியா சொல்லுவாங்க" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

ஆடியில் இரண்டு பெரிய டிஸ்குகள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆண்டு, மாதம், எண் என்று புதிய டிஸ்கில் அடுக்கினேன். ஊரையும் குறிப்புகளையும் கழற்றி எறிந்தேன். பழைய டிஸ்குகளை டேப் சுற்றி, அழித்துவிட்டு அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளச் சொல்லி, அரியலூர் கிளைக்கு பஸ் பார்சலில் அனுப்பினேன். அங்கே இருக்கும் ஆபரேட்டர் சோம்பேறிகளுக்கெல்லாம் தலைவன். தினமும் போன் போடுவேன். "நாளைக்கு மாட்டிடுறேண்ணே" என்பான். இரண்டு வாரமாக அந்த நாளை வரவே இல்லை. அவனைத் திட்டாமல் நான் சாப்பிட்ட நாள் கிடையாது.

மூன்றாவது வாரம் அரும்பாவூரிலிருந்து ஒருவர் வந்தார். துணிப்பையிலிருந்து கறையான் அரித்த ஸ்கேன் படம் ஒன்றை எடுத்து நீட்டினார். மனைவிக்கு ஈரலில் ஒரு கட்டி. திருச்சி டாக்டர் பழைய படத்தைக் கேட்கிறார். கட்டி அப்போது இருந்த அளவிலேயே இருந்தால் ஆபரேஷன் வேண்டாமாம். வளர்ந்திருந்தால் வெட்டி எடுத்தே ஆக வேண்டுமாம். மறுநாள் காலையில் காட்ட வேண்டும்.

படத்தில் எண்ணும் தேதியும் இருந்த மூலையையே கறையான் தின்றிருந்தது. எண் போட்ட சீட்டும் தொலைந்துவிட்டது. தேதி கேட்டேன். "மக்காச்சோளம் ஒடிச்ச சமயங்க. ரெண்டு வருஷம் இருக்கும். மூணு கூட இருக்கும்." வயது? "நாப்பது போடுங்க."

மனைவியின் பெயரைப் போட்டுத் தேடினேன். கொத்துக் கொத்தாக வந்து விழுந்தது. முக்கால்வாசிப் பேருக்கு வயது நாற்பது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எனக்கு எல்லா ஈரலும் ஒன்றுதான். "கெடைக்குங்களா சார்?" என்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தபடி அவர் கேட்டார். ஒரு சீட்டைப் பத்திரமாக வைக்கத் தெரியாதா என்று வாய்வரை வந்துவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வெளியே போய் அரியலூருக்குப் போன் போட்டேன். "அந்த டிஸ்கை அழிச்சிட்டியா?"

"கோச்சுக்காதீங்கண்ணே, நாளைக்குக் கண்டிப்பா..."

"தொடாத! கையே வெக்காத! நான் வரேன்."

சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே பைக்கில் போனேன். நான் சுற்றிய டேப் கூடப் பிரிக்கப்படாமல் டிஸ்குகள் அவன் மேஜை டிராயரில் கிடந்தன. அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏண்டா இன்னும் பிரிக்கவில்லை என்று கேட்கவும் வாய் துறுதுறுத்தது.

திரும்பி வந்து மாட்டியதும் அக்கா மௌஸைப் பிடுங்கிக்கொண்டார். அரும்பாவூர். அந்தப் பெயரில் அங்கே மூன்று பேர்தான். 'ரெண்டு பொண்ணு, ரொம்பப் பயப்படுறாங்க' என்று இருந்ததைத் திறந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இவங்கதாங்க. தனக்கு ஒண்ணுன்னா பொண்ணுங்கள யாரு பாப்பாங்கன்னு எங்கிட்ட கேட்டுகிட்டே இருந்தாங்க."

அரும்பாவூர்க்காரர் எழுந்து வந்து, "ஆமாங்க, ரெண்டு பொண்ணுங்க" என்று தலையாட்டினார். நான் வேண்டாதது என்று கழற்றி எறிந்தது இதைத்தான். எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படத்தை சிடியில் போட்டுக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மதியம் வரவேற்பில் போன் அடித்தது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "பொண்ணுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கட்டி அப்படியேதான் இருக்காம் தம்பி" என்றார்.

நான் பழைய டிஸ்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் புதியதில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். பாடாலூர் பாதிதான் முடிந்திருந்தது. அந்த வழியாக வந்த டாக்டர் மேஜையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்ப்பா, இந்தப் பழைய டிஸ்க் இன்னும் அரியலூருக்குப் போகலையா?"

"நாளைக்கு அனுப்பிடுறேன் டாக்டர்" என்றேன்.