சூசை வந்தால் நின்றுவிடும் கொம்பியூட்டர்

இன்று காலை பத்தேகாலுக்கு என் கொம்பியூட்டர் தானாக நின்று, தானாகவே மறுபடி தொடங்கியது. திரை கறுத்த அந்தக் கணத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை. யார் வந்தது என்று வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. குசினிக்குள் நின்ற மனைவி ஜெசிந்தா எட்டிப் பார்த்து, "அது அப்டேட்டாம். மகள் போனில சொன்னவள். பயப்பிடாதேங்கோ" என்றாள்.

நான் பயப்படவில்லை, சந்தேகப்பட்டேன். முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.

இயந்திரம் மறுபடி எழும்போது உள்ளேயிருந்து ஒரு மெல்லிய மணம் வந்தது. சூடேறிய தூசியின் மணம். எங்கள் மன்னார்த் தீவில் தூசியோடு உப்பும் சேர்ந்துதான் படியும் என்பதால், அந்த மணம் கொஞ்சம் கருவாட்டுப் பக்கம் சாயும். இங்கே கொம்பியூட்டர் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பிடிபடும். எனக்கு அந்த மணத்தோடு சேர்ந்து வருவது சூசையின் முகம்.

எங்கள் ஒழுங்கையில் முதல் கொம்பியூட்டர் என் வீட்டுக்குத்தான் வந்தது. சண்டை முடிந்து, ஆட்கள் தங்கள் கூரைகளைத் தேடித் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். கந்தோரில் ஒரு கொம்பியூட்டரை நாலு பேர் பங்கு போட்டதால், சொந்தமாக ஒன்று இருந்தால் என் நாட்குறிப்பை அதிலேயே எழுதலாம் என்று வாங்கினேன். வெயில் காலத்தில் அது சூடாகிறது என்றதும், விற்ற கடைக்காரரே பெட்டியின் ஒரு பக்க மூடியைக் கழற்றிவிடச் சொன்னார். அதன்பிறகு அது எப்போதும் வயிறு திறந்த மீன்போலத்தான் மேசையில் இருந்தது.

வாங்கிய இரண்டாம் வருடம் அது காரணமில்லாமல் நின்று எழும்பத் தொடங்கியது. நான் பாதி எழுதித் திறந்து வைத்திருந்த பக்கம் அப்படியே போய்விடும். நான் ஒழுங்கான மனிதன். சந்தேகப்படுவதையும் ஒழுங்காகவே செய்தேன். முதலில் மின்சாரம், அடுத்தது பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர். மூன்றாவது, கழுதைகள். மன்னார்க் கழுதைகள் மத்தியானத்தில் நிழல் தேடி வந்து மதிலில் உடம்பை உரசும். மின்மானிப் பெட்டி இருந்தது அந்த மதிலில்தான். இரண்டு நாள் கையில் தடியோடு நின்று கழுதைகளைக் கலைத்தேன். "கழுதைக்கும் உங்களுக்கும் இப்ப நல்ல பழக்கமாப் போச்சு" என்றாள் ஜெசிந்தா. பலனில்லை.

பிறகுதான் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அது நிற்கும் நேரங்களை நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். ஞாயிறு, பூசைக்குப் பின். புதன், பின்னேரம். மறுபடியும் ஞாயிறு. அது சூசை வருகிற நேரம்.

சூசை என்னோடு படித்தவன், வங்காலைக் கடற்தொழிலாளி. சண்டைக்குள் அவன் மனைவியோடும் மகளோடும் படகேறி அக்கரைக்குப் போய், மண்டபம் பக்கத்து அகதி முகாமில் இருந்தான். இவன் மட்டும் முதலில் திரும்பி வந்து, இடிந்த வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தான். வீடு முடிந்ததும் அவர்களைக் கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் என் வீட்டுக் கொம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைப்பான். அங்கே தாயும் பிள்ளையும் ஒரு இன்டர்நெட் கடையில் வந்து காத்திருப்பார்கள். சூசை, தீவுக்குள் வரும் கோஸ்வே பாலத்தால் சைக்கிள் மிதித்து வியர்த்து ஒழுகி வருவான். ஜெசிந்தா மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்து, பிளேன்ரீ கொடுப்பாள். நான் பின்னால் கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பதுபோல் பாவனை செய்வேன்.

"சாப்பிட்டியா, அம்மா?" என்று மகளிடம் கேட்பான். "ஓம்" என்பாள் பிள்ளை. "என்ன கறி?" என்பான். அவள் கறி சொல்லும்போது திரை கறுக்கும்.

இது ஒருமுறை அல்ல, ஆறு முறை. நான் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். முழங்காலால் வயரைத் தட்டுகிறானா? தன்னுடைய போனை என் பெட்டியில் செருகிச் சார்ஜ் ஏற்றினானே, அதிலிருந்து ஏதாவது உள்ளே போயிருக்குமா? ஒரு ஞாயிறு அவன் வருமுன் பெட்டியை நிறுத்தும் பொத்தானில் மெல்லிசாக முகப்பவுடர் பூசி வைத்தேன். அவன் போனபின் பார்த்தால் பவுடர் கலையாமல் இருந்தது. வேறு யாருமென்றால் அவன் தொடவில்லை என்று முடிவெடுத்திருப்பார்கள். நானோ, 'நகத்தால் அழுத்தியிருக்கிறான்' என்று எழுதி வைத்தேன்.

அடுத்த புதன் போகும்போது சூசை சொன்னான்: "மச்சான், வாற ஞாயிறு மகளுக்கு முதல் நன்மை. பூசை முடிஞ்ச கையோட வெள்ளைச் சட்டையோட கடைக்கு வந்து நிப்பாள். பத்தரைக்கு வாறன். அண்டைக்கு மட்டும் இந்தச் சனியன் நிக்காமல் இருக்க ஏதும் செய்யேலாதோ?"

"பாப்பம்" என்றேன். பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த நாள் சீவியத்தில் ஒருமுறைதான் வரும். ஆனாலும் இவனே நிறுத்திவிட்டு இவனே கேட்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஞாயிறு பத்து இருபதுக்கு அவன் வந்தபோது நான் கேற்றடியிலேயே நின்றேன்.

"கொம்பியூட்டர் பழுது, சூசை."

"எப்ப தொடக்கம்?"

"காலமை."

உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல் கேற்றடி வரை கேட்டது. அவன் என் தோளுக்கு மேலால் முன்னறையைப் பார்த்தான். பிறகு, "கொஞ்ச நேரம் நிண்டு பாக்கட்டோ? சிலவேளை சரி வரும்" என்றான். வராது என்றேன். டவுனில் இருந்த ஒரே இன்டர்நெட் கடையும் ஞாயிறு பூட்டு. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

அதன்பின் பதினைந்து நாள் கொம்பியூட்டர் ஒருதரமும் நிற்கவில்லை. கள்ளனைப் பிடித்தவனின் நிம்மதியோடு இரண்டு கிழமையும் நாட்குறிப்பு எழுதினேன்.

மூன்றாம் கிழமை எங்கள் கோயில் பாதிரியார், சுவாமி, பெருநாள் உபயகாரரின் பட்டியலைத் தட்டச்சு செய்விக்க வந்தார். பக்கத்தில் இருந்து பெயர் பெயராகச் சொன்னார். இருபதாவது நிமிடம் திரை கறுத்தது, பட்டியலும் போனது. "கறண்ட் குறைவு, சுவாமி" என்றேன். நாட்குறிப்பிலும் அப்படியே எழுதினேன். அவர் போனதும் ஜெசிந்தா, "ஏன், சுவாமிக்குப் பவுடர் பூசிப் பாக்கேல்லையோ?" என்றாள்.

அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த நாளே டவுனில் கொம்பியூட்டர் திருத்தும் ரஞ்சனைக் கூட்டி வந்தேன். அவர் ரோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். மூளைக்கு மேலே ஒரு சின்ன விசிறி இருந்தது. உப்பும் மண்ணும் பிடித்து, அதன் மேல் பல்லி இரண்டு முட்டையும் இட்டிருந்தது. ஸ்க்ரூட்ரைவரால் தட்டினார். அசையவில்லை.

"இது நிண்டு மாசக் கணக்கிருக்கும், அண்ணை. சூடேறினால் தன்னைக் காப்பாத்த மெசின் தானா நிக்கும். ஆனா இவ்வளவு நாளும் எப்படி ஓடினது?"

நான் வழமையாக இருக்கும் இடத்தில் இருந்து காட்டச் சொன்னார். இருந்தேன். என் தாள்கள் பறக்கக்கூடாது என்பதற்காக மின்விசிறியை நான் என் பக்கம் வைப்பதில்லை. அது திறந்த பெட்டிக்கு நேரே வீசிக்கொண்டிருந்தது. ரஞ்சன் அதைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஃபேன்தான் மெசினை உயிரோட வச்சிருக்குது. ஆரும் இதைத் திருப்புறனியளோ?"

"ஆக்கள் வந்தாத் திருப்பாமல்?" என்றாள் ஜெசிந்தா. "வேர்த்து விறுவிறுத்து வாறவைக்குக் காத்து விடாமல் மெசினுக்கோ விடுறது?"

எந்த நாட்குறிப்பிலும் அது இல்லை. விருந்தாளிக்குக் காற்றைத் திருப்புவதை ஒரு செயலென்று யார் எழுதி வைப்பார்கள்?

அன்று பின்னேரமே வங்காலைக்குப் போனேன். சூசை கரையில் ஐஸ் பெட்டிக்குள் மீன் அடுக்கிக்கொண்டிருந்தான். பவுடர் வரை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். பவுடரில் அவன் சிரித்துவிட்டான்.

"நகத்தாலயோ? டேய், உனக்குப் பிழையான உத்தியோகம் தந்திட்டாங்கள்."

பிறகு பெட்டியை மூடி அதன்மேல் இருந்தான்.

"அண்டைக்கு அவள் ரெண்டு மணித்தியாலம் நிண்டவளாம். சட்டை கசங்கும் எண்டு கதிரையில இருக்கவும் இல்லையாம்."

அவன் கையில் ஒட்டியிருந்த செதிலைச் சாரத்தில் துடைத்தான்.

"அடுத்த கிழமை ஆற்றையோ போனில எடுத்துக் கேட்டவள், ஏனப்பா வரேல்லை எண்டு. கடலுக்குப் போயிட்டன் எண்டு சொல்லிப் போட்டன்."

"ஞாயிற்றுக்கிழமையோ?"

"வேற என்னத்தைச் சொல்ல? நீ உன்ர கேற்றடியில வச்சுத் திருப்பி அனுப்பினனீ எண்டோ?"

எங்கள் கரையில் அந்த நாட்களில் ஞாயிறு ஆண்டவருக்கான நாள், எவரும் படகு இறக்குவதில்லை. பட்டினி கிடந்தவனும் இறக்கமாட்டான். அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். என் பெயரைக் காப்பாற்ற அவன் தன் பிள்ளையிடம் ஞாயிறு மீறியவனானான்.

புது விசிறி போட்டபின் அவன் சில தடவை வந்தான். ஆனால் மீன் நிறுக்கிற நேரம், சங்கக் கூட்டம் என்று ஏதாவது சொல்லிக் கெதியாக எழும்பிவிடுவான். மறு வருடம் குடும்பம் வந்து சேர்ந்தது. அதற்கடுத்த வருடங்களில் ஒவ்வொரு கையிலும் ஒரு போன். இன்னொருவர் வீட்டு முன்னறையில் இருந்து, இன்னொருவருக்குக் கேட்கத் தன் பிள்ளையிடம் "என்ன கறி?" என்று கேட்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லாமல் போயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் சில படகுகள் போகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சூசையும் போய்விட்டான். போன மாதம் அவனுடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்குப் போயிருந்தோம். மகள் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். சாப்பாடு பரிமாறிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்: "அப்பா சீவியத்தில ஒரே ஒரு ஞாயிறுதான் கடலுக்குப் போனவர். அதுவும் என்ர முதல் நன்மை அண்டைக்கு. நான் நெடுநாள் மன்னிக்கேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். நான் தின்றேன்.

ஆகையால் இதை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பப் போகிறேன். பிள்ளை, உன் அப்பா அந்த ஞாயிறு கடலுக்குப் போகவில்லை. பத்து இருபதுக்கு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக, அயன் பண்ணின வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, என் கேற்றடியில் நின்றார்.