யாரும் சாகாத படம்

கிலாங் பஸ்ஸின் முன்வரிசை இருக்கையில் முழங்காலை ஊன்றி, பின்பக்கமாகத் திரும்பி, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி கதை சொல்லும் ஒரு பெண். லைன் லீடர் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கோலம்தான். கிலாங் என்றால் தொழிற்சாலை; மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் எலெக்ட்ரானிக்ஸ் கிலாங் ஒன்றில் ஒன்றாக வேலை செய்தோம். வேலை முடிந்து பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு எங்களைக் கொண்டுபோய் விடும் பஸ் அது. நாளெல்லாம் நின்ற களைப்புக்கு எல்லோரும் தூங்கி வழிந்திருக்க வேண்டும். ஒருத்தியும் தூங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தை அக்கா திங்களன்று தொடங்கி வெள்ளிவரை இழுப்பார். வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் டிவியைப் பிடித்துக்கொள்ள, ஒரு படம்கூட முழுதாகப் பார்க்க வாய்க்காத பெண்களுக்கு அந்தப் பஸ்தான் தியேட்டர்.

அக்காவின் கதைகளில் கதாநாயகனுக்கு அவ்வளவு வேலை இருக்காது. சண்டைக் காட்சிகளை 'அடிச்சான், விழுந்தானுங்க' என்று இரண்டே சொல்லில் தள்ளிவிடுவார். நாயகியின் தோழி வந்துவிட்டால் மட்டும் குரல் மாறும். படங்களில் தோழி என்பவள் ஒரு பாட்டுக்கு ஆடி, ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவள்தானே? அக்காவின் கதையில் அவள் எங்கும் போக மாட்டாள். நாயகிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பாள், கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வருவாள், கடைசியில் இருவரும் ஒரு தையல் கடையோ சாப்பாட்டுக் கடையோ வைத்து ஒரே வீட்டில் இருந்துவிடுவார்கள். கதாநாயகன் பெரும்பாலும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான்.

இதை நம்பி வீட்டில் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பேக்கிங் பகுதியில் வேலை செய்த ஒரு பெண், படத்தின் முடிவைப் பற்றிக் கணவனோடு பெரிய சண்டையே போட்டுவிட்டு மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் பொரிந்தாள். "என்னாக்கா இது? அவ கடைசியில அவனத்தான் கட்டிக்கிறாளாம். மனுஷன் என்னைப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கிறாரு." அக்கா கொஞ்சமும் அசையவில்லை. "நான் பாத்த பிரிண்ட் வேற லா," என்றார். நானும் அப்படியொரு படத்தைப் பின்னாளில் டிவியில் பார்த்துவிட்டு, தையல் கடைக் காட்சியை டிவிக்காரன் வெட்டிவிட்டான் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் பக்கத்தில், சன்னலோரத்தில், எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவரைச் சன்னல் அக்கா என்போம். இருவரும் ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். கதை நடக்கும்போது அவர் அக்காவைப் பார்க்கவே மாட்டார். வெளியே ஓடும் ரப்பர் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் சிரிப்பு வரும் இடத்தில் எங்களுக்கு முன்னால் சிரிப்பவர் அவர்தான். அப்படியிருக்க, அவரைத் தூரத்துத் தைப்பிங்கில் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகும் அக்கா கதை சொன்னார். ஆனால் தோழிகள் ஒரு பாட்டோடு போய்விட்டார்கள். நாயகிகள் நாயகனையே கட்டினார்கள். "என்னாக்கா, இப்பல்லாம் கதை சப்புனு இருக்கு?" என்று பேக்கிங் பகுதிப் பெண் கேட்டதற்கு, "படமே அப்படித்தான்," என்று முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இப்போது நான் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறேன். இந்த ஆண்டு ஒரு பால்புதுமையினர் திரைப்பட விழாவிலிருந்து வேலை வந்தது. பெண்ணைக் காதலிக்கும் பெண்கள், ஆணைக் காதலிக்கும் ஆண்கள், பிறந்த உடலோடு ஒத்துப்போகாதவர்கள் என்று பலருடைய கதைகள். விழா எங்கோ நடக்கிறது. படங்களை ஒரு வாரத்துக்கு இணையத்தில் பார்க்கலாம். அந்தப் படங்கள் எனக்கு ஏன் இவ்வளவு வேண்டியிருந்தன என்பதை வீட்டில் இன்னும் நான் சொல்லவில்லை. தோழிகள் சிலர், எதைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். பதில் எழுத உட்கார்ந்தவளுக்கு, இதையெல்லாம் அக்கா பார்த்தால் என்ன சொல்வார் என்ற யோசனைதான் ஓடியது. யோசனை குடைச்சலாகிவிட்டது. என் காடியை ஓட்டிக்கொண்டு கோலா கெத்திலுக்குப் போனேன். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே தனியாகத்தான் இருக்கிறார்.

"வா வா, பசியாறிட்டியா?" என்றவரிடம் சுற்றிவளைக்காமல் விழாப் படங்களின் விஷயத்தைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"ரெண்டு பொம்பளைங்க கதையா?"

"ஆமாக்கா."

"யாரு சாவுறா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அந்த மாதிரி கதைன்னா ஒருத்திய சாவடிச்சிருவானுங்க லா. இல்லன்னா பைத்தியமாக்கிருவானுங்க. அதப் பாத்து ஒக்காந்து அழணும்னு எனக்கு என்னா தலையெழுத்து? யாரும் சாவாத படமா ஒண்ணு கொண்டா, பாக்குறேன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துத்தான் தேடத் தொடங்கினேன். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய படத்தில் ஒருத்தி ஆற்றில் போனாள். இன்னொன்றில் முதல் காட்சியிலேயே ஒருவருக்கு இருமல். படத்தில் காரணமில்லாமல் இருமல் வந்தால் முடிவு தெரிந்ததுதானே. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றில் எங்கிருந்தோ ஒரு லாரி வந்தது. இன்னொன்றில் மனிதர்கள் எல்லோரும் பிழைத்தார்கள், நாய் செத்துவிட்டது. நாயை அக்கா கணக்கில் சேர்ப்பாரா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு அதையும் ஒதுக்கினேன். இத்தனை திறமைசாலிகள் சேர்ந்தும் இரண்டு பெண்களை உயிரோடு ஊர் சேர்க்க முடியவில்லையே என்று கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. விருது எதுவும் வாங்காத சிறிய படம். ஒரு மீன்பிடி ஊரில் தனியாக வாழும் பெண்ணின் வீட்டுக்கு, இள வயதில் பிரிந்துபோன தோழி ஒரு துணிப்பையோடு வருகிறாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்கிறாள். பை வாசலருகிலேயே கிடக்கிறது. இருவரும் ஒழுகும் கூரையைச் சரிசெய்கிறார்கள், மீன் குழம்பில் புளி போதவில்லை என்று சண்டை போடுகிறார்கள். அந்தப் பையைத் திறந்து துணியை அலமாரியில் வைப்பாளா, தூக்கிக்கொண்டு கிளம்புவாளா என்பதுதான் முழுப் படமும்.

சனிக்கிழமை மத்தியானம் என் மடிக்கணினியில் பார்த்தோம். அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். படம் முடிந்ததும் நான் பல வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"பஸ்ஸுல கதைய மாத்தி மாத்திச் சொன்னது சன்னல் அக்காவுக்காகத்தானே?"

"வேற யாருக்கு, உங்களுக்கா? நீங்கள்லாம் ஓசியில கேட்ட ஆளுங்க." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நெசத்துல அவளுக்கு என்னா குடுக்க முடிஞ்சிச்சு? கதையிலயாச்சும் ஒரு வீடு கட்டிக் குடுத்தேன்," என்றார்.

சன்னல் அக்காவின் கணவர் போன வருடம் தவறிவிட்டாராம். துக்கத்துக்குப் போன அக்கா, பேச ஒன்றும் வராமல் திரும்பிவிட்டாராம். தீபாவளிக்குத் தீபாவளி போனில் 'நல்லாருக்கியா' என்பதோடு சரி. என்னோடு வந்து இரு என்று கேட்க அக்காவுக்கு வாய் வந்ததில்லை. கேட்டு அவர் மறுத்துவிட்டால் மிச்சமிருக்கும் அந்தத் தீபாவளியும் போய்விடுமே என்ற பயம்.

"இந்தப் படம் எப்ப வரைக்கும் ஓடும்?" என்று திடீரென்று கேட்டார்.

"நாளைக்கு ராத்திரி வரைக்கும்தான் அக்கா."

போனை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். அந்தப் பக்கம் குரல் கேட்டதும் நலம்கூட விசாரிக்கவில்லை. "ஏய், ஒரு படம் பாத்தேன் லா," என்று ஆரம்பித்துவிட்டார். கூரை, குழம்பு, சண்டை எல்லாம் வந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருந்தேன்; ஒரு காட்சியைக்கூட மாற்றவில்லை. மறுபக்கத்தில் ஒரு சிரிப்பு, சரியான இடத்தில். கதை கடைசி நாள் காலைக்கு வந்தது. வந்தவள் குனிந்து பையின் ஜிப்பில் கை வைக்கிறாள். அக்கா அங்கே நிறுத்திவிட்டார்.

"ம், அப்புறம்?"

"மிச்சத்த போன்ல சொல்ல மாட்டேன். வந்து பாரு."

அக்காவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"தைப்பிங்லேருந்து கெத்திலுக்கு நேரா பஸ்ஸு இருக்கா?" என்று கேட்டது அந்தக் குரல்.

"பஸ்ஸெல்லாம் வேணாம். காலையில காடி வரும்," என்றார் அக்கா, என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்.