வாத்துகளுக்குப் பிடிக்காத பை

நீடாமங்கலத்தை விட்டு வாய்க்கால் கரையோடு நடக்கிறேன். லாட்ஜில் இடம் கிடைக்கவில்லை. முதுகுப் பையில் கூடாரம் இருப்பதால் கவலையும் இல்லை. இலங்கையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியது முதல் இப்படித்தான் போகிறது. காலில் கொப்புளம் உடைந்து காய்ந்துவிட்டது.

குறுவை அறுத்த வயலில் ஓர் அக்கா வாத்து மேய்க்கிறார். நான் வரப்பில் ஏறியதும் மந்தை முழுவதும் மிரண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. அங்கே சம்பா விதைத்து, முளை இப்போதுதான் தெரிகிறது.

"ஐயோ, முளையில எறங்கினா ஊரை விட்டே தொரத்திடுவாங்க! உங்க செவப்புப் பையைப் பாத்துதாங்க மெரளுது. சுத்திப் போயி அந்தப் பக்கம் நில்லுங்க!"

சேற்றில் முழங்கால்வரை புதையப் புதைய ஓடுகிறேன். விதைத்த வயலின் வரப்பில் ஏறி, பையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறேன். முன்னால் வந்த வாத்துகள் நின்று, கத்தி, திரும்புகின்றன. ஒன்றுகூட வரப்பைத் தாண்டவில்லை.

அக்கா மூச்சு வாங்கச் சிரிக்கிறார். "என்னங்க, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"வீடேதான் அக்கா. உள்ளே கூடாரம் இருக்கு."

"அப்ப வாய்க்கா மேட்டுல போட்டுக்குங்க. எங்க வீட்டுக்காரரு அடுத்த ஊர்ல வாத்து மேய்க்க வயல் பேசப் போயிருக்காரு, ராத்திரி வந்துடுவாரு. காலையில மந்தையை அங்க ஓட்டணும். வழியெல்லாம் வெதச்ச வயலு."

விடிந்ததும் புறப்படுகிறோம். இரவே திரும்பிவிட்ட வீட்டுக்காரர் மந்தைக்கு முன்னால் போகிறார், அக்கா பின்னால் வருகிறார். விதைத்த வயல்கள் இருக்கும் பக்கம், பையை மாட்டிக்கொண்டு நடப்பது என் வேலை. கூலி, முட்டைக் குழம்பும் சோறும்.