ராத்தாவை அளக்க வந்த வேன்

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவுக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது அவள் வாப்பாவின் உயரத்தைத் தாண்டிவிட்டாள். எங்கள் ஊரான கல்முனைக்குடியில் அது ஒரு செய்தி. பிள்ளை வளர்வது நல்ல காரியம்தான்; ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வளர வேண்டும் என்பது எங்கள் மாமியின், அதாவது வாப்பாவுடைய தங்கையின் கருத்து. மாமி வீட்டுக்கு வந்தால் முதலில் ராத்தாவை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகுதான் ஸலாம் சொல்வார்.

“இன்னமும் நிக்கல்லயா இவள்? இந்த உசரத்துக்கு மாப்பிள்ளைய எந்த ஊருல போய்த் தேடுற?”

உம்மா தேநீர் ஊற்றுகிற சாக்கில் குசினிக்குப் போய்விடுவார். ராத்தா தோள்களை முன்னால் வளைத்து, கழுத்தை உள்ளே இழுத்து, இருக்கிற உயரத்தில் ஓர் அங்குலத்தையாவது ஒளித்துவிடப் பார்ப்பாள். அவளைவிட நான்கு வயது இளையவளான எனக்கு அந்த உயரம் வேறு விதமாகப் பயன்பட்டது. அலுமாரிக்கு மேல் உம்மா ஒளித்து வைக்கும் எதுவும் எங்களிடமிருந்து தப்பியதில்லை.

அந்த உயரத்தில் முதலில் லாபம் கண்டது எங்கள் பாடசாலையின் வலைப்பந்து அணிதான். மற்றப் பிள்ளைகள் பந்தை உயரத் தூக்கிப் போடுவார்கள். ராத்தா வளையத்துக்குக் கீழே நின்று, கையை நீட்டி அதைப் பிடித்து, மேல்தட்டில் போர்வையை மடித்து வைப்பதுபோல உள்ளே வைத்துவிடுவாள். ஓடவும் மாட்டாள், குதிக்கவும் மாட்டாள். அம்பாறையில் நடந்த ஒரு போட்டியில் யாரோ அதைத் தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் கைமாறிக் கைமாறி மலைநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

வேனிலிருந்து இறங்கிய பெண்மணியைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். அவர் ராத்தாவைவிட உயரம். வலது முழங்காலில் ஒரு பட்டி கட்டியிருந்தார். நடக்கும்போது அந்தக் கால் லேசாக இழுத்தது. மலைநாட்டில் உள்ள பெரிய பெண்கள் விடுதிப் பாடசாலை ஒன்றின் வலைப்பந்துப் பயிற்சியாளர் என்று தன்னைச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். தேயிலைத் தோட்டத்துப் பக்கத்துத் தமிழ் அவருடையது. நாங்கள் ‘ஓம்’ என்கிற இடத்தில் அவர் ‘ஆமா’ என்றார்.

அவருடைய பையில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருகிற மாதிரி இனிப்பு எதுவும் இல்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும் மட்டும் இருந்தன. ராத்தாவைச் சுவரோடு நிற்கச் சொன்னார். “நிமிர்ந்து நில்லும்மா, இன்னும் நிமிரு” என்று மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. உயரத்தை அளந்தார். இரண்டு கைகளையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்தார். உள்ளங்கை, பாதம், முழங்காலிலிருந்து குதிக்கால்வரை எல்லாமே கொப்பியில் ஏறின. பிறகு வாப்பாவை நிறுத்தி அளந்தார். உம்மாவையும் நிற்கச் சொன்னபோது உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னத்துக்கு டீச்சர் என்னை?” என்று சிரித்துவிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் எவ்வளவோ, அத வச்சித்தான் பிள்ளை இன்னும் எவ்வளவு போகும்னு சொல்லலாம்” என்றார் டீச்சர். பிறகு கணக்குப் பார்த்து, “இன்னும் மூணு அங்குலம் வரும்” என்றார்.

மூலையில் நின்ற மாமி, “யா அல்லாஹ்” என்றார். டீச்சரும் ஏறக்குறைய அதே தொனியில் ஏதோ சொன்னார். ஒருவருக்கு அது துக்கம், மற்றவருக்குப் புதையல்.

நான் வரிசையில் நிற்பதைக் கண்டு என்னையும் அளந்தார். இரக்கத்தோடு கொப்பியை மூடினார்.

அடுத்த மாதம் நாங்கள் நால்வரும் அந்தப் பாடசாலையைப் பார்க்கப் போனோம். வேனையும் அவர்களே அனுப்பினார்கள். அம்பாறை தாண்டி, மஹியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவு ஏறுகையில் உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். மேலே போய் இறங்கியபோது குளிரில் எனக்குப் பல் கிட்டியது. ஆனால் பார்த்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

பாடசாலை என்றால் எனக்குத் தெரிந்தது தகரக் கூரையும் மணல் முற்றமும்தான். இங்கே விளையாடுவதற்கென்று ஒரு மண்டபம் இருந்தது. அதன் உள்ளே நிலம் முழுக்க மரம். வெளிச்சம் பட்டுத் தண்ணீர் போல மின்னியது. சப்பாத்துகள் அதில் உரசும்போது பறவைகள் கீச்சிடுவதுபோல் ஒரு சத்தம். கால் வலித்தால் இறங்கி உட்கார ஐஸ் போட்ட தொட்டி. குழாயைத் திருகினால் வெந்நீர். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காலையில் நான்கு முட்டை என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் நான்கு முட்டை என்பது முழுக் குடும்பத்துக்கானது. நான் அந்தப் பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன்.

வாப்பா ஓடாவி, மரவேலை செய்பவர். கடற்கரை வீதிப் பக்கம் அவருக்கு ஒரு தளபாடப் பட்டறை இருந்தது. அவர் முட்டையைப் பார்க்கவில்லை, வெந்நீரைப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குள் போனதும் குந்தியிருந்து நிலத்தை உள்ளங்கையால் தடவினார். அப்போதுதான் பலகைகளின் ஓரத்தில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளைக் கண்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

“இது ஆர்ர பேர் டீச்சர்?”

“பழைய மாணவிகள் ஐயா. இந்த நிலத்தைப் பலகை பலகையா வித்துத்தான் கட்டினோம். லண்டன்ல இருக்கிறவங்க, ஆஸ்திரேலியாவில இருக்கிறவங்க, ஆளுக்கு ஒரு பலகை வாங்கினாங்க. சில பேர் பத்து.”

நான் ஓடி ஓடிப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒருமுறைகூட வந்து மிதிக்காத பலகையை ஒருவர் விலை கொடுத்து வாங்குவார் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. யாருடைய பெயரையும் மிதித்துவிடாமல் நுனிக்காலில் நடந்தேன்.

டீச்சர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. வாப்பா கேட்கக் கேட்கச் சொன்னார். இங்கே படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பணம் கட்டிப் படிப்பவர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கில்தான் ராத்தாவைப் போன்றவர்களின் கட்டிலும் சாப்பாடும் நடக்கிறது. சப்பாத்தும் பயணமும் ஒரு பிஸ்கட் கம்பனியின் பொறுப்பு. அதற்குப் பதிலாக அந்தக் கம்பனியின் பெயரை அணி முதுகில் போட்டுக்கொள்ளும். அதைக் கேட்டதும், பெயரைப் போட்டவர்களுக்கெல்லாம் பிஸ்கட் கிடைக்கும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். மிச்சத்துக்கு ஆளுக்கொரு புரவலர். ராத்தாவுக்கு மெல்பனில் ஓர் அம்மா கிடைத்திருக்கிறார். மாதம் ஒரு கடிதமும் வருடத்துக்கு ஒரு புகைப்படமும் அவருக்கு அனுப்பினால் போதும்.

“பணம் கட்டுறவங்க என்னத்துக்கு எங்கட புள்ளைக்கும் சேத்துக் கட்டுற?” என்று கேட்டார் வாப்பா.

“நாங்க ஜெயிச்சு கிண்ணத்தோட வந்தா பேப்பர்ல படம் வரும் ஐயா. படம் வந்தா அடுத்த வருஷம் பணம் கட்டுற பிள்ளைகள் இன்னும் கூட வருவாங்க.”

வாப்பா ஒரு பித்தளைத் தகட்டை விரலால் தடவினார். “அப்ப எங்கட புள்ள உங்களுக்கு விளம்பரப் பலகை. அப்படித்தானே?”

உம்மா அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். டீச்சர் கோபப்படவில்லை.

“ஆமா ஐயா. ஆனா பலகைக்கு நாங்க சோறும் படிப்பும் குடுக்கிறோம்.”

உம்மாவுக்கு வேறு கவலைகள். தொழுகைக்கு இடம் இருக்கிறதா, ஹலால் சாப்பாடா, உடுப்பு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முழுக்காற்சட்டையும் தலைத்துணியுமாக ஆடுகிற இரண்டு பிள்ளைகளை டீச்சர் கூப்பிட்டுக் காட்டினார். ஒருத்தி புத்தளம், மற்றவள் மூதூர். உம்மா அவர்களோடு அரைமணி நேரம் கதைத்துவிட்டு வந்தார். முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

அப்போதுதான் அணியினர் பயிற்சிக்கு வந்தார்கள். மண்டபக் கதவைத் திறந்துகொண்டு ஒவ்வொருத்தியாக நுழைந்தபோது நான் வாப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். எல்லோரும் ராத்தாவின் உயரம். இரண்டு பேர் அவளைவிடவும் உயரம். டீச்சர் வரும்வரை, உலகத்தில் இப்படி இன்னொருத்தி இருக்கிறாள் என்பதே எங்கள் ஊருக்குத் தெரியாத விஷயம். இங்கே ஒரு மண்டபம் நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ராத்தாவிடம் பந்தை நீட்டி ஏதோ கேட்டாள். பதில் சொல்ல ராத்தா தலையை மேலே தூக்க வேண்டியிருந்தது. ஒரு பெண்பிள்ளையிடம் அவள் அண்ணாந்து கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன். கழுத்து நீண்டது. தோள் பின்னால் போனது. என் ராத்தாவுக்கு அப்படி ஓர் உடம்பு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் எறிந்த முதல் பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன்.

அதிபரின் அறையில் ஒப்பந்தத்தை விரித்து வைத்தார்கள். டீச்சர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். வருடா வருடம் ராத்தாவின் இடம் மீளாய்வு செய்யப்படும் என்ற வரி வந்ததும் வாப்பா கையை உயர்த்தினார்.

“அதுக்கு என்ன கருத்து? புள்ளைட கால் முறிஞ்சா?”

டீச்சர் தன் முழங்காலில் இருந்த பட்டியைக் கொஞ்சம் இறுக்கினார்.

“நான் இங்கதான் இருந்தேன் ஐயா. என்னையும் தோட்டத்திலயிருந்து அளந்துதான் கூட்டிட்டு வந்தாங்க. பதினேழு வயசில இது போச்சு. அந்தப் பள்ளிக்கூடத் தவணை முடிய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பரீட்சை எழுத இன்னும் ஒரு வருஷம் இருந்திச்சு.”

அதிபர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் காலத்து அதிபர் அல்ல. டீச்சர் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார். பக்கத்தில் தன் கையால் வேறொன்று எழுதி, சத்தமாக வாசித்தார்: ‘விளையாடினாலும் விளையாடாவிட்டாலும், உயர்தரப் பரீட்சை முடியும்வரை.’ பிறகு காகிதத்தை அதிபரின் பக்கம் நகர்த்தினார். அதிபர் அவரை நிமிர்ந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தமாதிரி எனக்குத் தோன்றியது. பின்பு கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் வாப்பா வைத்தார்.

தை மாதம் ராத்தா அங்கே சேர்ந்தாள். கிண்ணங்கள் வந்தன, பத்திரிகையில் படமும் வந்தது. டீச்சர் சொன்ன மூன்று அங்குலமும் தவறாமல் வந்தன. கால் முறியவில்லை. இப்போது அவள் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அந்த வங்கியின் அணிக்கும் ஆடுகிறாள். மெல்பன் அம்மாவுக்கு ஆறு வருடம் கடிதம் எழுதினாள். அவர் ஒரே ஒரு தடவை பதில் எழுதினார்: இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்டு. மாப்பிள்ளை விஷயத்திலும் மாமி பயந்தது நடக்கவில்லை. மாப்பிள்ளை இரண்டு அங்குலம் குட்டை. அது அவருக்குப் பெருமை.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ராத்தாவை விட்டுவிட்டு வந்த நாளைத்தான். கட்டில் விரித்தாயிற்று, பெட்டி வைத்தாயிற்று, எல்லோரும் ஸலாம் சொல்லியாயிற்று. வேன் வாயிற்கதவைத் தாண்டப் போகையில் உம்மா, “நிப்பாட்டுங்க” என்றார். இறங்கி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார். நான் பின் கண்ணாடியால் பார்த்தேன். விடுதிப் படியில் நின்ற ராத்தா கீழே இறங்கி வந்தாள். உம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி அவளுடைய முகத்தைப் பிடித்து ஏதோ கேட்டார். ராத்தா ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். உம்மா திரும்பி வந்துவிட்டார்.

அங்கே என்ன நடந்தது என்று ராத்தா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு, அவளுடைய கலியாணத்துக்கு முதல் வாரம்.

உம்மா கேட்டாராம்: “வேணாம் எண்டா இப்பவே சொல்லு மகள். வாப்பா வச்ச கையெழுத்த நான் போய்க் கிழிச்சிட்டு வாறன்.”

ராத்தா சொன்னாளாம்: “கேக்காமப் போயிருந்தா வேனுக்குப் பின்னால ஓடி வந்திருப்பன் உம்மா. கேட்டுட்டீங்க. இனி இருப்பன்.”

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. காலையில் உம்மா கட்டிக்கொண்டு வந்த புரியாணிப் பெட்டியை விடுதியில் மறந்துவிட்டு அதை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு நல்ல பசி. உம்மா வேனில் ஏறி, வெறுங்கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பெட்டி எங்க உம்மா?” என்று கேட்டேன். அவர் திரும்பி விடுதிப் படியையே பார்த்துக்கொண்டிருந்ததால், மஹியங்கனைவரை அவரோடு கோபமாக இருந்தேன்.