வீடியோவை நம்பி நிறுத்திய மாத்திரை

என் கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாங்கள் குன்றத்தூரில் குடியிருக்கிறோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்பில் இருப்பதால் அவர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

அந்தக் கிருமியை அடியோடு ஒழிக்க மருந்து கண்டுபிடித்துவிட்டதாக ஒருநாள் போனில் வீடியோ பார்த்தார். "இனி ஆயுசு பூரா மாத்திரை திங்க வேண்டாம்ல!" என்று பூரித்துப்போனார். அவ்வளவு சலித்திருந்தார், பாவம். எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியும் விட்டார்.

சில மாதங்கள் கழித்து, ஷிப்ட் முடிந்து வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"இன்னா மாமா, கண்ணு மஞ்சளா கீது?" என்று பதறினேன். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கேதான் மாத்திரையை நிறுத்திய உண்மையை அவர் சொன்னார். கிருமி மறுபடி பெருகிக் கல்லீரலைத் தாக்கியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. "ஆராய்ச்சி நடக்குறது நெஜந்தாங்க. அந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்குமான்னு தெரியுற வரைக்கும் கல்லீரல் தாங்கணுமே? அதுக்குத்தான் இந்த மாத்திரை" என்றார். என் கணவர் அழுதுவிட்டார். சீக்கிரம் வந்ததால் பிழைத்தார்.

அந்தக் கிருமி வீட்டில் மற்றவருக்கும் தொற்றக்கூடும் என்பதால், நானும் மகளும் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டுக்கொண்டோம். புது மருந்து பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இப்போது டாக்டரிடம் கேட்கிறோம். நம்பிக்கையை விடவில்லை, மாத்திரையையும் விடுவதில்லை.