பூனை படுத்த இடம்

கண்ணாடிக்கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பார்க்க வருபவரை நாற்காலியில் உட்கார்த்தி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டே தொண்டை தேய்ந்தவள். "என்ன தெரியுது?" என்று மொட்டையாகக் கேட்டால் எந்த மனுஷனும் முழிப்பான் என்பது அவளுடைய தொழில் ஞானம். அந்த ஞானத்தைக் கடைச் சாவியோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வருவாள் என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் கணவர். முப்பது வருஷம் வாடகைக்கார் ஓட்டியவர். ஊரையே சிரிக்க வைக்கிற வாய். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் பிடுங்கிக்கொண்டது. நடக்கிறார், அந்த மட்டில் புண்ணியம். ஏழெட்டுச் சொல் மிச்சம். அதுவும் முறை மாறி வரும். கரண்டி கேட்க நினைத்தால் 'கதவு' என்று வரும். மனுஷர் உள்ளே முழுசாக இருக்கிறாரா, இல்லையா என்று அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வாரத்துக்கு மூன்று காலை ஊரின் மறுகோடியில் பேச்சுப் பயிற்சி. மூன்று தடவை வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்பவர் பட்டியல் அவ்வளவு நீளம். இரண்டு தடவை ஏற்கெனவே தவறிப் போயாயிற்று. காரணம், அவர்களுடைய கல்யாணத்துக்கும் மூத்த அந்தப் பழைய கார். சாயங்காலம் ஜம்மென்று ஓடும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். வேறு வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். பிடித்தாள். மனுஷர் கேட் கம்பியை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்தவன் வண்டியில் ஏறமாட்டாராம். ஓட்டுநர் திமிர் மட்டும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

கார் கரண்ட் வேலை பார்க்கிற அவளுடைய தம்பிக்கு 'மீட்டர்' என்றே பெயர். மீட்டர் காட்டாததை நம்பமாட்டான். பேட்டரி ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் சொருகி, எங்கே கரண்ட் கசிகிறது என்று நாலு தடவை பார்த்துவிட்டான். நாலு தடவையும் பூஜ்யம். ரேடியோவைப் பிடுங்கினான், டிக்கி விளக்கைப் பிடுங்கினான், பேட்டரியையே புதிதாக மாற்றினான். அப்படியும் வண்டி சாவது நிற்கவில்லை. வண்டி செத்த காலையிலெல்லாம் கணவர் ஜன்னலிலிருந்து 'பூனை' என்பார்; அதையும் முறை மாறி வந்த சொல் என்றே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு பயிற்சிக் காலை வந்தது; இதுவும் தவறினால் மூன்றாவது தடவை, இடம் போச்சு. முதல் நாள் மாலை தம்பியே காரை ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போயிருந்தான். இப்போது சாவியைத் திருப்பினால் முனகல்தான் வந்தது. போன் போட்டதும் ஓடிவந்தான். போனட் மேல் பக்கத்து வீட்டுப் பூனை சுருண்டு படுத்திருந்தது.

ஜன்னலில் உட்கார்ந்திருந்த கணவர், "பூனை" என்றார்.

"ஆமா மாமா, பூனைதான்" என்றான் தம்பி, குழந்தையிடம் பேசுகிற குரலில். அவளுக்குச் சுருக்கென்றது.

"பூனை! பூனை!" இடது கையால் ஜன்னல் கட்டையை அடித்தார்.

"என்னங்க வேணும்?" தண்ணீர் கொண்டுவந்தாள். தள்ளிவிட்டார். சட்டை மாற்றவா என்றாள். கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டியது. என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே கடைக் குரல் வந்தது.

"பூனையா, வேற ஏதாவதா?"

கண்ணைத் திறந்தார். "பூனை."

"அதை விரட்டணுமா, வேண்டாமா?"

தலையை ஆட்டினார், வேண்டாம்.

"பூனையைச் சொல்றீங்களா, அது படுத்திருக்கிற இடத்தையா?"

கை கட்டையில் படபடவென்று தட்டியது. "எடம்" என்றார். ஏழு மாதத்தில் வராத சொல்.

அவள் வெளியே ஓடி, பூனையைத் தூக்கிக் கீழே விட்டாள். கார் முழுக்கப் பனி ஈரம். அது படுத்திருந்த பக்கம் மட்டும், பூனையின் உடம்பைத் தாண்டியும் ஒரு கை அகலத்துக்குக் காய்ந்து, சுற்றிலும் இளஞ்சூடு. ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு ஏது சூடு?

தம்பி போனட்டைத் தூக்கி, வழக்கம்போல் பேட்டரி ஒயரில் ஸ்பேனரை வைத்தான்.

"நில்லுடா!" ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். "கழட்டட்டுமா, வேண்டாமா?"

இடது உள்ளங்கை நிமிர்ந்து நின்றது. வேண்டாம்.

தம்பி முதன்முறையாக மீட்டரைக் கீழே வைத்துவிட்டு விரலால் தேடினான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ கதகதவென்று இருந்தது. அதற்கான கட்-அவுட் பெட்டியைத் திறந்தான். இன்ஜின் ஓடும்போது டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிடித்து, நின்றதும் விட்டுவிட வேண்டிய சின்ன நாக்கு அதற்குள் இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்து, விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது; ராத்திரி முழுக்கப் பேட்டரி கரண்ட் டைனமோவுக்கே திரும்ப ஓடி அதைச் சூடாக்கியிருந்தது. பேட்டரி ஒயரை லேசாகத் தூக்கினான், கரண்ட் அறுந்ததும் நாக்கு டக்கென்று விட்டது.

"அட பாவி! நான் மீட்டர் வைக்க ஒயரைக் கழட்டுறப்பல்லாம் இது நல்லபிள்ளையா விட்டுடுது. அப்புறம் பூஜ்யம் காட்டாம என்ன பண்ணும்?" ஜன்னலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, மன்னிச்சிருங்க. நீங்க எத்தனை நாளா சொல்லிட்டிருந்தீங்க!"

எத்தனை நாளாகவோ. அவள் எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டாள். வெட்கத்துக்கு மேலே நன்றி பொங்கியது: தம்பிக்கு, பூனைக்கு, தன் தேய்ந்த தொண்டைக்கு.

தம்பி ஸ்பிரிங்கைச் சரிசெய்து, தன் வேன் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கரண்ட் கொடுத்தான். வண்டி உயிர் பெற்றது. நேரம் இருந்தது. அவர் அரசர் மாதிரி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

தெருமுனை திரும்பியதும் அவள் கேட்டாள்: "யாருக்குங்க நன்றி சொல்றது? உங்களுக்கா, பூனைக்கா?"

அவர் யோசித்தார். உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது.

"பூனை..." என்றார். அவள் மனசு லேசாகச் சரிந்தது. பழைய சொல்லேதானா?

"...க்கு" என்று முடித்தார். வாயின் இடது ஓரம் மட்டும் குறும்பாக மேலே ஏறியது.

ஏழு மாதமாக வெறும் பெயர்களாக உதிர்ந்துகொண்டிருந்த பேச்சில் ஒரு 'க்கு' வந்து ஒட்டிக்கொண்டது. அதிலும் கேலி. அவள் காரை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், சிரித்துக்கொண்டே அழுதாள். மனுஷர் உள்ளே முழுசாக இருக்கிறாரா என்ற அந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.