பட்ட வாகையில் ஒரு வீட்டுச் சண்டை

புத்தாயிரம் பிறந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு ஹைதராபாத்தில் மென்பொருள் வேலை கிடைத்து, மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்து குகட்பள்ளியின் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றில் குடியேறியிருந்தோம். அந்த நகரத்தில் நான் கண்ட முதல் பிப்ரவரியில் தொடங்கி, ஹோலிப் பண்டிகைக்கு முன்பாக முடிந்த சம்பவம் இது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. பேச்சுப் போட்டியில் என் பெயரைக் கண்டதும் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத் தயாராகிவிடுவார்கள் என்று மதுரையில் சொல்வார்கள். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஊர் மாறியும் பயிற்சியை விடவில்லை. எங்கள் குடியிருப்பின் பின்புறம் பெரிய பெரிய பாறைகளும், சீதாப்பழப் புதர்களும், ஈச்ச மரங்களுமாக ஒரு பொட்டல் இருந்தது. விடிந்ததும் அங்கே போய் உருண்டைப் பாறை ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு, எதிரே இருக்கும் பாறைகளை அவையோராகப் பாவித்து முழங்குவேன். குரல் போய் மோதித் திரும்பி வரும்போது கைதட்டல் கேட்ட மகிழ்ச்சி!

முதல் சில வாரங்கள் அந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. எல்லாம் இலையுதிர்ந்து, சாம்பல் பூத்த குச்சிகளாக நின்றன. பிப்ரவரியின் நடுவில் ஒரு காலை, பாறைமேல் ஏறி வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றுவிட்டேன். முந்தின நாள் வரை கருத்துக் கிடந்த புரச மரம் ஓர் இலைகூட இல்லாமல் உச்சி முதல் அடிக் கிளை வரை செம்மஞ்சளாகப் பூத்திருந்தது. பூக்களுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்த மைனாக்களின் நெற்றியெல்லாம் மகரந்தம். அணில் ஒன்று பூவைக் கிள்ளி, அடியைக் கடித்து உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை என் காலடியில் போட்டது. தேனீக்கள் வந்தன. தேனீக்களைப் பிடிக்க இரட்டைவால் குருவி வந்தது. ஒரு மரம் பூத்ததற்கு இத்தனை பேருக்கு அழைப்பா என்று நான் வியந்து முடிப்பதற்குள், பின்னாலிருந்து ‘டுக், டுக், டுக்’ என்று யாரோ செம்பு தட்டும் ஓசை கேட்டது.

திரும்பினேன். அங்கே பட்டுப்போன வாகை மரம் ஒன்று நின்றது. அதன் காய்ந்த கிளையில் பச்சை உடம்பும் சிவப்பு நெற்றியுமாக, சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரிய பறவை. குக்குறுவான் என்ற பெயரைப் பின்னால் ஒரு பறவைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிளையின் அடிப்பக்கத்தில் அது ஓட்டை குடைந்துகொண்டிருந்தது. கொத்தும், உள்ளே தலையை விடும், வாய் நிறைய மரத்தூளோடு வெளியே வந்து உதறும். களைத்ததும் இணைப் பறவை வந்து முறை மாற்றிக்கொள்ளும்.

அன்றிலிருந்து என் பேச்சுப் பயிற்சி மொட்டை மாடிக்கு மாறியது. நான் கத்தினால் அவை கலைந்துவிடுமே! காலை நேரம் முழுவதும் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே வேலையாயிற்று. “பரீட்சைக்குப் படிக்கச் சொன்னா பட்ட மரத்தைப் படிச்சுக்கிட்டு வர்றா” என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டார்.

ஓட்டை முடிகிற தறுவாயில்தான் சண்டை மூண்டது. உழைத்தவை குக்குறுவான்கள்; ஆசைப்பட்டவை மைனாக்கள். ஒரு மைனா ஜோடி வந்து ஓட்டையை எட்டிப் பார்க்கும், சுற்றி நடக்கும், குக்குறுவானை விரட்டும். வாயில் புல்லோடு ஒரு மைனா வந்து இறங்கிய அன்று என் நெஞ்சு அடித்துக்கொண்டதை எப்படிச் சொல்வேன்! இவ்வளவுதான், வீடு போயிற்று என்று நினைத்தேன். அந்தச் சமயம் அதே மரத்தின் கீழ்ப் பொந்திலிருந்து ஒரு சிறிய புள்ளி ஆந்தை, வெயில் காயவோ என்னவோ, வெளியே வந்து கண்ணைச் சிமிட்டியது. மைனாக்களுக்கு வந்ததே கோபம்! புல்லைப் போட்டுவிட்டு, ஊரையே கூட்டும் கூச்சலோடு ஆந்தையின் மேல் பாய்ந்தன. அந்தச் சந்தடியில் குக்குறுவான் விருட்டென்று வந்து தன் ஓட்டைக்குள் புகுந்து, அலகை மட்டும் வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஆந்தைக்குத் தான் செய்த உதவி தெரியாது. நான்தான் பாறைக்குப் பின்னால் எழுந்து குதித்தேன்.

அதற்கு அடுத்த நாள் வாகையின் அடிமரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

ஹோலிக்கு முந்தின நாள் மாலை காமதகனம் என்று நெருப்பு மூட்டுவது அங்கே வழக்கம். வீடு வீடாக உடைந்த நாற்காலியும் பழைய பலகையும் வாங்கிக் குவிப்பார்கள். அந்த ஆண்டு நடுவில் நிறுத்த ஒரு முழு மரம் வேண்டும் என்று இளைஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த ஓர் அண்ணன். ஆங்கிலேயர் காலத்திலேயே செகந்திராபாத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கால் சென்டரில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். அவரை வழிமறித்து மரத்தை விட்டுவிடச் சொன்னேன்.

“கைக்கு? எதுக்கு விடணும்? பட்ட மரம்தானேம்மா! நாளைக்கு ஒரு பிள்ளை தலையில விழுந்தா நீ வந்து பேச்சுப் போட்டி நடத்துவியா?” என்றார். பிறகு அவரே இரக்கப்பட்டு, “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம குடியிருப்போர் சங்கக் கூட்டம் இருக்கு. அங்கே வந்து சொல்லு. கூட்டம் நக்கோ, வேண்டாம்னு சொன்னா நாங்க தொட மாட்டோம்” என்றார்.

கூட்டமா? மேடையா? என் உற்சாகம் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் மொட்டை மாடி அதிர்ந்தது. எதிரணியின் வாதத்தை அவர்களைவிட வலுவாக முதலில் நாமே பேசிப் பார்க்க வேண்டும், பிறகு அதை வெட்ட வேண்டும் என்பது என் பயிற்சி முறை. ஆகவே மரத்தை வெட்டச் சொல்லி உணர்ச்சி பொங்கப் பேசினேன். குழந்தைகளின் பாதுகாப்பு, பல மாநிலத்தார் கூடும் பண்டிகையின் ஒற்றுமை, பறவைக்குச் சிறகு உண்டு போய்விடும் என்ற தர்க்கம், எதையும் விடவில்லை. பிறகு மறுத்தும் பேசினேன். “அங்கே யார்கூடடி சண்டை?” என்று அம்மா படிக்கட்டிலிருந்து கேட்டார். “என்கூடத்தாம்மா!” என்றேன்.

ஞாயிறு மாலை, பிள்ளைகள் விளையாடும் பூங்காவில் நாற்காலி போட்டுக் கூட்டம். சங்கத் தலைவர் தெலுங்குக்காரர், வங்கி அதிகாரி. முதலில் அண்ணனைப் பேசச் சொன்னார். அவர் தெலுங்கில் தொடங்கினார். எனக்கு அப்போது தெலுங்கு அரைகுறைதான். ஆனாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கு வியர்த்தது. குழந்தைகளின் பாதுகாப்பு. பண்டிகையின் ஒற்றுமை. பறவைக்குச் சிறகு உண்டு. அதே வரிசை! நான் எங்கே நிறுத்தி மூச்சு வாங்கினேனோ அங்கே அவரும் நிறுத்தினார். நான் வலது கையை உயர்த்திய இடத்தில் அவர் கையும் உயர்ந்தது. அதோடு விட்டாரா? “எதிர்த்துப் பேசுகிறவர்கள் இப்படிச் சொல்வார்கள்” என்று என் மறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடித்தார். கைதட்டல் பிரமாதம்.

உட்காரப் போகும்போது என் பக்கம் குனிந்து, “மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாலதான் பகல்ல பாய் போட்டுத் தூங்குறேன். ரெண்டு நாளா எங்கே தூக்கம்? நல்லாத்தான் பேசுறே” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

“செப்பம்மா, நீ சொல்லு” என்றார் தலைவர்.

எழுந்து நின்றேன். கையிருப்பு மொத்தமும் காலி. எந்த வாதத்தை எடுத்தாலும் அதற்குப் பதில் ஏற்கனவே சொல்லப்பட்டுவிட்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்காமல் உட்கார்ந்தால் அடுத்த நாளே வாகை சாய்ந்துவிடும். ஓட்டைக்குள் குக்குறுவான் அலகை வாசலில் வைத்துக்கொண்டு காத்திருப்பது என் கண் முன் வந்தது. வேறு எதுவும் தோன்றாமல், பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். இந்தியும் ஆங்கிலமும் கொஞ்சம் தெலுங்குமாக, அதுவும் போதாதபோது கையும் தலையுமாக.

பொந்துக்குத் தெலுங்கில் என்ன சொல்வது என்று தெரியாமல் தடுமாறியபோது, தமிழ் தெரிந்தவராயிற்றே என்று அண்ணனைப் பார்த்தேன். “தொர்ர” என்று எடுத்துக் கொடுத்தார். மைனாவுக்கு “கோரிங்க” என்றார். சிறிது நேரத்தில் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவரே தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். குக்குறுவான் மரத்தூளை உதறுவதை நான் தலையை ஆட்டிக் காட்டினேன். பிள்ளைகள் எல்லாரும் ஆர்ப்பரித்துத் தலையை ஆட்டினார்கள். மைனா புல்லோடு வந்த கட்டத்தில் முன்வரிசைப் பெண்மணி ஒருவர், “அய்யோ பாவம், குகட்பள்ளியில வீடு கிடைக்கிறது அவ்வளவு சுலபமா? நாங்க எத்தனை புரோக்கரைப் பார்த்தோம்!” என்றார். கூட்டமே சிரித்தது. அங்கே பாதிப் பேர் வேலைக்காக வந்து வீடு தேடி அலைந்தவர்கள். ஆந்தை வெளியே வந்ததைச் சொன்னதும் அண்ணன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, “அப்புறம்? மைனா திரும்பி வந்துச்சா?” என்று என்னிடமே கேட்டார்.

தலைவரும் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். “ஆமாம்மா, கடைசியில் யாருக்கு வீடு?”

மேடையில் எந்தக் கேள்வி வந்தாலும் ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லக் கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்த முதல் விதி. அன்று வேறு வழியில்லை.

“தெரியாது சார்” என்றேன். “இன்னைக்குக் காலையிலும் மைனா வந்தது. நாளைக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.”

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். “பார்த்துவிட்டே முடிவு செய்வோம்” என்றார்.

மறுநாள் விடிந்தபோது பாறைகளுக்குப் பின்னால் உட்கார இடமில்லை. மைனா ஜோடி வந்தது. உச்சியில் இருந்த ஒரு பழைய பொந்துக்குள் புல்லைக் கொண்டுபோனது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கீழ்க் கிளையில் குக்குறுவானின் ஓட்டை வெறுமையாகத் தெரிந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆலம்பழம் கவ்விய ஒரு குக்குறுவான் வந்து கிளையில் தொற்றியது. ஓட்டைக்குள்ளிருந்து சிவப்பு நெற்றி ஒன்று எட்டிப் பார்த்து அதை வாங்கிக்கொண்டது! சத்தம் போடக் கூடாது என்று பிள்ளைகளை அடக்கிக்கொண்டிருந்த தலைவரே முதலில் கைதட்டிவிட்டார். அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, இரவு வேலை முடித்து நேராக அங்கே வந்திருந்த அண்ணன், “ஹவ், ஆமாம்! வீடு கட்டினவனுக்கே வீடு!” என்று கத்தினார். குக்குறுவான் பறந்து போய், எங்களைத் திட்டுவதுபோல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பின் திரும்பி வந்தது.

பிள்ளைகள் அடியில் போகாதபடி மரத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அண்ணன் சொன்ன ஆபத்தும் உண்மைதானே! அந்த ஆண்டு காமதகனத்தின் நடுவில் நின்றது, அண்ணனின் கால் சென்டருக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர்களின் மரப்பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கோபுரம். நன்றாகவே எரிந்தது.

அதன்பின் எத்தனையோ மேடைகள் ஏறிவிட்டேன், பரிசுகளும் பெற்றிருக்கிறேன், அவற்றைப் பற்றிய பெருமையும் எனக்குக் குறையவில்லை. ஆனால் வாதம் தீர்ந்துபோய், முடிவும் தெரியாமல், பார்த்ததை மட்டும் சொல்லிப் பாதியில் நிறுத்திய அந்த ஒரு பேச்சுக்குத்தான் அவையோர் மறுநாள் விடிவதற்குள் எழுந்து, மிச்சத்தைத் தங்கள் கண்ணால் பார்க்க வந்தார்கள். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறந்த பேச்சு அதுதான் என்று இன்றும் எந்த நடுவர் முன்னும் வாதாடத் தயாராக இருக்கிறேன்.